எங்கூட்டுக்கு ஆத்தா வந்திருக்குதுங்க

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருசமாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். பேனா பிடித்துப் பழக்கமில்லை, பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் என்பது ஒரு பக்கம். பெரிய பயம் மாரியாத்தாள் மேல்தான். அவள் பேர் நடுவில் வரும் ஒரு சங்கதியை எழுதி, நாலு பேர் அதைப் படித்துச் சிரித்தால் அவள் கோவித்துக்கொள்ள மாட்டாளா? அதனால் ஆடிக்கு ஆடி கோவிலில் பூக் கேட்டேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டணம், சிவப்புப் பூ ஒரு பொட்டணம் மடித்து அவள் காலடியில் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் எழுது. சிவப்பு வந்தால் சும்மா இரு. சிவப்பாகவே வந்துகொண்டிருந்தது. "அப்படி என்னதானுங்க கேக்கறீங்க, சொத்துத் தகராறா?" என்று பூசாரியே ஒரு தடவை கேட்டுவிட்டார். இந்த ஆடியில்தான் வெள்ளை விழுந்தது. நம்ப முடியாமல் இன்னொரு பொட்டணத்தையும் எடுக்கப் போனேன். பூசாரி கையைத் தட்டிவிட்டார். "குடுத்தா வாங்கிக்கோணும். சாமிய மறு பரிச்சை வெக்கக் கூடாது" என்றார். அவள் உத்தரவு கொடுத்துவிட்டாள். எழுதுகிறேன்.

நான் சேலம் சூரமங்கலத்தில், ரயில்வே குடியிருப்பை ஒட்டின தெருவில், சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு நாலு வீடு தள்ளி என் வீடு. சொந்த ஊர் பரமத்தி வேலூர்ப் பக்கம். எங்கள் ஊர்ப் பக்கத்து வழக்கம், பெற்றவளை ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். நானும் ஆத்தா என்பேன், தம்பியும் ஆத்தா என்பான், தெருவே பாப்பா என்று கூப்பிடும் என் மகளும் ஆத்தா என்பாள். சேலம் வந்து எத்தனை வருசமானாலும் அந்த ஒரு வார்த்தை மட்டும் என் வாயில் மாறவில்லை. நடந்ததுக்கெல்லாம் அந்த வார்த்தைதான் காரணம்.

ஆத்தா வேலூரில் தம்பியோடு தோட்டத்தில் இருந்தாள். தம்பி கிணற்றுக்குப் போர் போடும் ரிக் வண்டியில் ஆபரேட்டர். பெண் தேடித் தேடி அலுத்துப்போய், "இங்க பொண்ணுங் கெடைக்கலை, அங்க சம்பளமாச்சுங் கெடைக்குது" என்று எத்தியோப்பியாவுக்குக் கிளம்பிவிட்டான். ஆத்தா தோட்டத்தில் தனி ஆளானாள். தனி ஆளாகிக் கொஞ்ச நாளிலேயே வாய்க்கால் மேட்டில் வழுக்கி விழுந்துவிட்டாள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வெற்றிலை பறிக்க ஆள் கூப்பிட வந்தவர் பார்த்துத் தூக்கி உட்கார வைத்திருக்கிறார். அவர் அந்தப் பக்கம் வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் சோறு இறங்காது. எப்படியாவது அவளைச் சேலத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று போய் நின்றேன்.

"வாரேன் சாமி" என்றாள். "ஆனா பேச்சுக்கு ஆளில்லாத ஊருல என்னால இருக்க முடியாது. ஒரு வாரம் பாப்பேன். ஊட்டுக்கு நாலு சனம் வந்து போனா இருக்கறேன். இல்லீனா வேலூரு பஸ்ஸு எங்க நிக்கும்னு எனக்குத் தெரியும். நீ என்னையக் கொண்டாந்து உடக்கூட வேண்டாம்."

"ஆத்தா, எங்க தெருவுல வாயை மூடறவங்களே கெடையாது. உன்னயப் பாக்க வரிசையில நிப்பாங்க" என்று வாக்குக் கொடுத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை வந்து இறங்கினாள். சித்திரை வெயில். "உங்கூருல வேர்க்குரு வரும், குளிக்கற தண்ணிக்கு ஆவும்" என்று தோட்டத்திலிருந்து ஒரு கட்டு வேப்பந்தழை கொண்டுவந்திருந்தாள். அழுகாமல் காற்றாட இருக்கட்டும் என்று அதை வாசல் கேட்டின் கம்பியில் நிறையச் செருகி வைத்தாள். காலையில் எழுந்ததும் வாசலுக்கு மஞ்சத்தண்ணி தெளித்தாள். கடுகு தாளிக்கிற புகை பட்டால் அவளுக்கு இருமல் நிற்காது என்பதால், என் சம்சாரம் தாளிக்கிறதையே நிறுத்திவிட்டாள். எல்லாம் பெரியவளுக்குச் செய்கிற மரியாதைதானே என்று நான் பூரித்துப்போய் இருந்தேன்.

அந்தப் பூரிப்பில்தான் கடையைச் சீக்கிரம் சாத்திக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அக்கா பருப்பு வாங்க வந்தாங்க. எங்கள் தெருவில் ஒரு செய்தி காப்பி ஆறுவதற்குள் கடைசி வீடு போய்ச் சேர வேண்டுமானால் அந்த அக்கா காதில் போட்டால் போதும்.

"என்ன அண்ணா, இந்நேரத்துக்கே சாத்தறீங்க?"

"எங்கூட்டுக்கு ஆத்தா வந்திருக்குதுங்க அக்கா."

அக்கா கையிலிருந்த பை நழுவியது. இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாங்க.

"தாயே! என்னைக்கு வந்தா?"

"செவ்வாக்கெழமைங்க."

"அவளுக்கு உகந்த நாளு. பாப்பாவுக்கா?"

"பாப்பா மேலதானுங்க அதுக்கு உசுரு. தூங்கறப்பக்கூட அவ மேலயேதான் கெடக்குது."

"ஐயோ, ஒடம்பு பூராவா?"

"ஆமாங்க. புள்ளையால பொரண்டு படுக்க முடியறதில்லை."

"முத்து நெறைய இருக்குதா?"

ஆத்தா கழுத்தில் பழனியில் வாங்கின ஒரு முத்துமாலை எப்போதும் கிடக்கும். அதை எப்போது பார்த்தாங்க என்று நினைத்துக்கொண்டே, "கழுத்துல மட்டும் ஒரு வரிசைங்க" என்றேன்.

"கழுத்தோட நின்னாளே, புண்ணியம். எறங்க ஆரம்பிச்சுட்டாளா?"

"எங்கீங்க! ஒரு படி எறங்கறதுக்கே அரை மணி நேரம் ஆவுது."

"மெல்லத்தான் எறங்குவா. அவசரப்படுத்தாதீங்க. தாளிச்சுக் கீளிச்சு வெச்சராதீங்க."

"தாளிக்கறதே இல்லீங்க. தாளிச்சா ஆத்தாளுக்கு ஆகறதில்லை."

அக்கா மறுபடியும் கும்பிட்டாங்க. பருப்பை வாங்காமலே போனாங்க.

படிக்கிற உங்களுக்கு விளங்கியிருக்கும். நம் பக்கத்தில் ஒரு வீட்டில் அம்மை போட்டால் அம்மை என்று யாரும் சொல்வதில்லை. ஆத்தா வந்திருக்கிறாள் என்போம், கொப்புளத்தை முத்து என்போம், குணமானால் இறங்கினாள் என்போம். வாசலில் வேப்பிலை செருகுவோம், மஞ்சத்தண்ணி தெளிப்போம், தாளிக்க மாட்டோம். அக்கம்பக்கத்தார் அந்த வீட்டு வாசல் மிதிக்க மாட்டார்கள். பிறந்ததிலிருந்து மாரியாத்தா கோவில் படி ஏறிக்கொண்டிருக்கிற எனக்கு இது ஏன் அப்போது உறைக்கவில்லை என்று கேட்காதீர்கள். பெற்றவள் வீட்டுக்கு வந்த சந்தோசத்தில் எனக்கு ஆத்தா என்றால் ஒரே ஆத்தாதான்.

மறுநாளிலிருந்து வீட்டுப் பக்கம் ஒருத்தர் வரவில்லை. பால்காரர் கேட்டுக்கு வெளியே பாலை வைத்துவிட்டு மணி அடித்துவிட்டு ஓடினார். ஆனால் மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. கேட்டோரம் இளநீர் இருக்கும். ஒரு நாள் நுங்கு. ஒரு நாள் தூக்குப்போசியில் கம்பங்கூழ். யார் வைத்தது என்று தெரியாது. போகிறவர் வருகிறவரெல்லாம் எங்கள் வீட்டுக்கு நேராக வந்ததும் செருப்பைக் கழற்றி, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, எதிர்ச் சுவரோரமாக ஒதுங்கி நடந்தார்கள்.

ஆத்தா ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏஞ் சாமி, உங்கூருச் சனம் பெரியவங்களுக்கு இத்தனை மரியாதை குடுக்குதே, வேலூருல ஒருத்தன் என்னையக் கும்புட்டதில்லையே?"

"டவுனுல அப்படித்தான் ஆத்தா."

"கும்படறது செரி. உள்ள வந்து ஒரு வாய்த் தண்ணி குடிச்சுட்டுப் போனா என்னவாம்?"

அவளே கூப்பிட்டுப் பார்த்தாள். எதிர்வீட்டு அக்கா கோலப்பொடியோடு நிற்கும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வா சாமி! ஏன் அங்கயே நிக்கறே? எங்கிட்ட வா!" என்று குரல் கொடுத்தாள். ஆத்தாளுக்கு வாய்க்காலின் அந்தக் கரையில் இருக்கிறவரோடு பேசிப் பழகின குரல். அக்கா கோலப்பொடியைப் போட்டுவிட்டு ரோட்டிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாங்க. வீட்டில் யாருக்கோ அருள் வந்து சாமியே கூப்பிடுகிறது என்று நினைத்துவிட்டாங்க என்பது பின்னால் தெரிந்தது. அன்று ஆத்தா சொன்னது: "அந்தப் புள்ளைக்கு மயக்கம் வருது, சத்தில்லை போல. நம்ம ஊட்டு நுங்கைக் குடுத்துட்டு வா."

அவள் பொழுது போகவேண்டுமே என்று என் மகள் ஒரு காரியம் செய்தாள். காலேஜ் லீவில் இருந்தாள். அன்னையர் தினம் வருகிறது என்று செல்போனில் எதையோ பார்த்து, எந்தெந்த நாட்டில் பெற்றவளுக்கு என்னென்ன மரியாதை செய்கிறார்கள் என்று படித்துச் சொல்வாள்.

"ஆத்தா, தாய்லாந்துல புள்ளைங்க அம்மா முன்னால மண்டி போட்டு மல்லிகைப்பூக் குடுப்பாங்களாம்."

"பூவை வெச்சுட்டு நான் எங்க போறது? அப்புறம்?"

"செர்பியான்னு ஒரு நாடு. அங்க ஒரு நாள் புள்ளைங்க எல்லாஞ் சேந்து அம்மா காலைக் கயித்துல கட்டிப் போட்டுருவாங்களாம். அம்மா பலகாரம் குடுத்தாத்தான் அவுத்து உடுவாங்களாம்."

ஆத்தா முட்டியைத் தடவிவிட்டுக்கொண்டாள். "உங்கப்பன் கயிறில்லாமலே கட்டிப் போட்டிருக்கறான். அவங்கிட்ட என்ன பலகாரம் குடுத்தா அவுத்து உடுவான்னு கேளு" என்றாள்.

நான் அடுத்த அறையில் சட்டை மடித்துக்கொண்டிருந்தேன். சிரிப்பாகத்தான் சொன்னாள். நான் காலண்டரைப் பார்த்தேன். அவள் சொன்ன ஒரு வாரம் முடியப்போகிறது.

தம்பியும் எத்தியோப்பியாவிலிருந்து வீடியோவில் வந்தான். அவனோடு வேலை செய்கிற ஒருத்தர் ஊரில், மழைக்காலம் முடிந்து வானம் வெளுத்ததும் பிள்ளைகளெல்லாம் பெற்றவள் வீட்டில் கூடுவார்களாம். பெண் மக்கள் காய்கறியும் வெண்ணெயும், ஆண் மக்கள் கறியும் கொண்டு வர வேண்டும். ஆக்கித் தின்று, பாட்டுப் பாடி, தாயும் பெண்களுமாக வெண்ணெயை மேலெல்லாம் பூசிக்கொள்வார்களாம்.

"வெண்ணெய மேலுக்கா? காய்ச்சாமயா?" ஆத்தாளுக்கு மனசு கேட்கவில்லை. "செரி, ஆம்பளைப் பசங்க கறி கொண்டாரோணுமில்ல? உன்ற பங்கு எங்கடா?"

"ஆத்தா, நான் இங்க இருக்கறேன்."

"அதான். கறியுமில்லை, மருமகளுமில்லை. வெண்ணெய நான் பூசுனா என்ன, பூசாட்டி என்ன" என்று போனை என் மகள் கையில் கொடுத்துவிட்டாள்.

அன்றைக்கு அமாவாசை. எங்கள் தெருவுக்கு ராத்திரிக் காவலுக்கு இருக்கிற நேபாளத்துக்காரர், வேலைக்குப் போகும் முன், குளித்து நெற்றியில் பொட்டு வைத்து, கையில் ஒரு ஜாங்கிரிப் பொட்டணத்தோடு கேட்டைத் திறந்துகொண்டு நேராக உள்ளே வந்தார். வேப்பிலையைத் தள்ளிவிட்டுத்தான் வந்தார். எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு 'ஐயோ' கேட்டது.

ஆத்தா முன்னால் வந்து நின்று, "ஆமா" என்றார்.

ஆத்தா என்னைப் பார்த்தாள். "என்ன கேட்டோம், ஆமாங்கறாரு?"

"ஆமா" என்றார் அவர் மறுபடியும். கண் கலங்கியிருந்தது.

"ஆமாந்தான் சாமி. எதுக்கு ஆமா?"

அவர் தெரிந்த தமிழில் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் பாசையில் ஆமா என்றால் அம்மாவாம். இந்த அமாவாசை அவர்கள் ஊரில் அம்மா முகம் பார்க்கிற நாள். எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் இனிப்போடு போய்ப் பெற்றவள் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். தாய் இல்லாதவர்கள் குளத்தில் முழுகி அவள் பேரில் தர்ப்பணம் கொடுப்பார்கள். "எங்க அம்மா மலை மேல சாப். போக முடியாது. கடையில நீங்க சொல்லிச்சு, அம்மா வந்திருக்குன்னு. அதான், இந்த அம்மா மொகம் பாக்க வந்துச்சு."

ஆத்தா எழுந்து விளக்குச் சுவிட்சைப் போட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு நேராகத் திரும்பி நின்றாள். "நல்லாப் பாத்துக்க சாமி" என்றாள். அவர் பார்த்தார். ஜாங்கிரியைக் கையில் கொடுத்துக் காலைத் தொட்டார். ஆத்தா பாதியைப் பிட்டு அவர் வாயில் போட்டாள்.

மறுநாள் காலை ரயில்வே குடியிருப்பிலிருந்து பீகார்க்காரப் பெண் ஒருத்தி வந்தாள். அவள் வீட்டுக்காரர் என் கடையில் ஆத்தா வந்த சேதியைக் கேட்டாராம். முக்காட்டை இழுத்துவிட்டு, ஆத்தா காலைத் தொட்டுத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். எதிர்வீட்டில் இரண்டாவது 'ஐயோ'. அவள் ஊரில் அம்மாக்கள் பிள்ளைகள் நலத்துக்காக வருசத்தில் ஒரு நாள் பச்சைத் தண்ணி பல்லில் படாமல் விரதம் இருப்பார்கள் என்று சொன்னாள்.

"அம்மா புள்ளைக்காகப் பட்டினி. செரி. புள்ளை அம்மாவுக்காக என்னைக்குப் பட்டினி?"

அந்தப் பெண் தன் ஊர்ப் பண்டிகைகளை விரல் விட்டு எண்ணினாள். "அது இல்ல மாஜி" என்றாள்.

"எங்கூருலயும் இல்ல" என்றாள் ஆத்தா. இரண்டு பேரும் கையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

இனி இருந்துவிடுவாள் என்று நினைத்தேன். ஆனால் மறுநாள் காலை பார்த்தால் மஞ்சப்பையில் துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"பாசை தெரியாத புள்ளைங்க வந்துச்சு. தெரிஞ்ச ரெண்டு வார்த்தைய வெச்சு மனசு நெறையப் பேசுச்சு. பாசை தெரிஞ்ச உந்தெருச் சனத்துக்கு என்ன கேடு? கும்படறானுங்க, ஓடறானுங்க. நான் மனுசியா, சிலையா? தோட்டத்துல காக்காயாச்சும் எம்பக்கத்துல வந்து உக்காரும்." பையின் காதுகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டாள். "என்னைய உட்டுரு கண்ணு. அங்கயே உழுந்தாலும் நாலு பேரு பேரு சொல்லிக் கூப்புடுவாங்க."

நான் வாசலை மறித்துப் பார்த்தேன். சம்சாரம் கையைப் பிடித்துப் பார்த்தாள், மகள் பையைப் பிடித்துப் பார்த்தாள். ஆத்தா முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிக் கேட்டுக்குப் போய், கம்பியில் கை வைத்தாள்.

"வெளிய வரக் கூடாது! வரக் கூடாது!" என்று எதிர்வீட்டிலிருந்து ஒரு அலறல். அக்கா ரோட்டின் நடுவில் வந்து இரண்டு கையையும் விரித்து நின்றாங்க. பின்னாலேயே தெருவில் பாதி.

"நான் எம்பட ஊருக்குப் போறதுக்கு நீ ஆரு கண்ணு?"

"தலைக்குத் தண்ணி ஊத்தாம எப்படிப் போவீங்க? மூணு தண்ணி ஊத்தித்தானே ஆத்தாள அனுப்பணும்? நீங்கபாட்டுக்கு பஸ்ஸுல போனா ஊர் பூரா வந்துருமே! அண்ணா, பாப்பாவுக்குன்னு சொன்னீங்க, இந்தம்மாவுக்கும் போட்டுருக்குதா?"

"என்னது போட்டிருக்குது?" என்றேன்.

"அம்மைதான்! நீங்கதானே சொன்னீங்க, ஊட்டுக்கு ஆத்தா வந்திருக்குதுன்னு!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஆத்தாளைக் காட்டினேன்.

"இதுதானுங்க எங்காத்தா. என்னையப் பெத்தது. வேலூருலிருந்து வந்திருக்குது."

அக்கா ஆத்தாளை மேலும் கீழும் பார்த்தாங்க. "அப்ப அந்த முத்து?"

ஆத்தா கழுத்து மாலையை எடுத்துக் காட்டினாள். அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாங்க. "நான் இளநீர் வெச்சேனே! ரோட்டுல விழுந்து கும்பிட்டேனே!"

"எனக்குத்தானே கும்புட்டே, ஒண்ணும் வீணாப் போகலை" என்றாள் ஆத்தா. பிறகு அவளுக்கு ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், கேட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணி வர, இருமல் வர, சிரித்து ஓயவில்லை. அதைப் பார்த்து அக்கா சிரிக்க, பால்காரர் சிரிக்க, என் சம்சாரம் படியில் உட்கார்ந்து சிரித்தாள்.

சிரித்து முடித்து ஆத்தா கேட்டாள்: "ஏங்கண்ணு, தலைக்குத் தண்ணி ஊத்தற வரைக்கும் ஆத்தா போகக் கூடாதா?"

"கூடாதுங்கம்மா. அது முறை."

"ஊத்தலீனா?"

"ஊத்தாட்டி... இருப்பா."

ஆத்தா மஞ்சப்பையை என் மகள் கையில் கொடுத்தாள். "உள்ள வெய்யி. நான் குளிக்கறப்ப நானே மொண்டு ஊத்திக்குவேன். இந்தத் தெருவுல வேற ஒருத்தரும் என்ற தலையில தண்ணி ஊத்தக் கூடாது, சொல்லிப்போட்டேன். நீ எந்திரி கண்ணு, வா, உள்ள வந்து உக்காரு. உங்கூட்டுக்காரரு என்ன வேலை? மாமியா இருக்காளா?"

அன்றைக்கு உள்ளே வந்த அக்கா மத்தியானச் சோற்றுக்குத்தான் எழுந்து போனாங்க. ஆத்தா இன்னும் எங்களோடுதான் இருக்கிறாள். பேச்சு அதிகமாகிப்போய், இப்போது நான்தான் கடையில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். தெய்வமாக வருகிற தாயை நாம் தூர நின்று கும்பிடுகிறோம், அது சரிதான். பெற்ற தாய் கிட்டே போய் உட்கார வேண்டும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மாரியாத்தா பொறுத்துக்கொள்வாள் என்று நம்புகிறேன்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். செவ்வாய்ப்பேட்டையில் ஒருத்தர், என் ஆத்தாளுக்கு அருள் வந்து குறி சொன்னதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். குறி கேட்க ஓமலூரிலிருந்து ஆள் வந்துவிட்டது. அவரையும் உட்கார வைத்து ஆத்தா பேசிக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் அது முறையில்லை. ஒன்றும் சேர்க்க வேண்டாம், ஒன்றும் குறைக்க வேண்டாம்.